ரோதமுனிக்கு என்ன வயது? தோட்டத்துச் சாமியிலிருந்து இந்து சமயம்

(காட்சி: தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரின் வாசல். ஓரமாக, மஞ்சள் பூசிய ஒரு கல், பக்கத்தில் நட்ட சூலம்.)

வணக்கம். இந்து சமயத்தைத் தோற்றுவித்தவர் யார் என்று பரீட்சையில் கேட்டால் "தோற்றுவித்தவர் இல்லை, அது அனாதியானது" என்று எழுதிவிட்டு வந்துவிடுவோம். மார்க்ஸ் கிடைத்துவிடும், சரி. ஆனால் ஒருவரும் தொடங்காத ஒரு சமயம் எப்படி இவ்வளவு பெரிதாக வளர்ந்தது? அதற்குத்தான் இந்தக் கல்லைக் காட்டுகிறேன்.

இவர் ரோதமுனி. ஸ்டோரில் சுற்றுகிற ரோதைக்கு, அதாவது இயந்திரச் சக்கரத்துக்கு, காவல். இலங்கையில் தேயிலையை வியாபாரத்துக்காகப் பயிரிடத் தொடங்கியதே 1867இல், லூல்கந்துர தோட்டத்தில்தான். அதற்கு முன்பிருந்த கோப்பிக் காலத்தையும் சேர்த்துக்கொண்டாலும் இந்தச் சாமிக்கு இருநூறு வயதைத் தாண்டுவது கஷ்டம். வேதத்தில் இவர் இல்லை, புராணத்திலும் இல்லை. ஆனாலும் கையெடுத்துக் கும்பிடுகிறோம்.

கவ்வாத்துச் சாமியும் அப்படித்தான். கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிவிடும் வேலை, தொடங்குகிற அன்று கத்திகளைக் கழுவிச் சாமி முன்னால் அடுக்கி, வெற்றிலை பாக்கு வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்திய பிறகுதான் மலைக்கு ஏறுவார்கள். கத்தி வழுக்கினால் விரல் போய்விடும் என்கிற பயம் இருக்கிற இடத்தில் ஒரு சாமி வந்து உட்காருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

(காட்சி: சிந்துவெளி முத்திரைகள், பிறகு ஏட்டுச் சுவடிகள்)

இப்போது பின்னால் போவோம். சிந்துவெளி நகரங்கள் செழித்தது ஏறக்குறைய கி.மு. 2600 முதல் 1900 வரை. அங்கே கிடைத்த ஒரு முத்திரையில் கொம்பு வைத்த உருவம் ஒன்று சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. அது சிவன்தான் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், ஆனால் அந்த எழுத்தை இன்னும் யாரும் வாசித்து முடிக்கவில்லை. ரிக் வேதம் அதற்குப் பிறகு, கி.மு. 1500ஐ ஒட்டி உருவாகத் தொடங்கியது. அதில் பெரிய ஆட்கள் இந்திரனும் அக்கினியும். நாம் இன்று சிவனாகக் கும்பிடுகிற உருத்திரனுக்கும் திருமாலுக்கும் அங்கே சில பாடல்கள்தான்! தமிழ்ப் பக்கம் வந்தால், தொல்காப்பியம் மலையும் மலை சார்ந்த இடமுமான குறிஞ்சியைச் சேயோனுக்குக் கொடுத்துவிட்டது. அந்தச் சேயோன்தான் நம்முடைய முருகன், பிற்பாடு வடக்கின் ஸ்கந்தனோடு ஒன்றாகிப் போனவர். அப்புறம் கி.பி. 6ஆம் நூற்றாண்டிலிருந்து நாயன்மாரும் ஆழ்வாரும் ஊர் ஊராகப் பாடிக்கொண்டு போக, சிவனும் திருமாலும் சாதாரண சனத்தின் வாய்க்கு வந்தார்கள். இலங்கையின் மன்னாரில் இருக்கிற சிவன் கோயிலான திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியிருக்கிறார்கள்.

அந்த மன்னார்ப் பக்கமாகத்தான் தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து நம் ஆட்களும் வந்தார்கள். கரையிறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடை. வழியெல்லாம் காலராவும் அம்மையும். அம்மைக்கும் மழைக்கும் உரிய தாய் மாரியம்மன் என்றால், மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் ஏன் இவ்வளவு பெரிதாக நிற்கிறது என்று தனியாக விளக்க வேண்டுமா?

சரி, இத்தனை சாமி இருந்தால் எதைத்தான் நம்புவது? "உள்ளது ஒன்றே, அறிந்தவர்கள் அதைப் பலவாறாகச் சொல்கிறார்கள்" என்று ரிக் வேதத்திலேயே ஒரு வரி இருக்கிறது. சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்று பிரித்துப் பேசும்: இறைவன், உயிர், உயிரைக் கட்டிவைத்திருக்கும் கட்டு. செய்த வினை பிறவியாகத் திரும்பி வரும், கட்டு அறுந்தால் வீடுபேறு. தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் யாரும் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரைப் படித்ததில்லை, ஆனால் "எந்தப் பிறப்பில் செய்த பாவமோ" என்று பெருமூச்சு விடாத அம்மாச்சி உண்டா?

(காட்சி: புதிதாக வண்ணம் பூசிய கோபுரம்)

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தல். கோபுரம் கட்டிக் கும்பாபிஷேகம் செய்கிற சூட்டில் சில தோட்டங்களில் முனியை மதிலுக்கு வெளியே தள்ளிவிடுகிறார்கள். சுருட்டும் சாராயமும் சேவலும் வாங்குகிற சாமி "அசல்" இந்துச் சாமி இல்லையாம். வேதகால வேள்வியிலும் பலி இருந்தது என்பதை இவர்களிடம் யார் சொல்வது?

உங்கள் தோட்டத்து முனியை யார் கொண்டுவந்து வைத்தது என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு கமெண்டில் எழுதுங்கள். மாசி பிறப்பதற்குள் மாசியில் தோட்டங்களில் ஆடுகிற காமன் கூத்து பற்றிய வீடியோவைப் போட்டுவிடுகிறேன்.