முழங்கால் வலி: சொல்லிக்கொடுத்ததைச் செய்து காட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் எந்த அரசு மருத்துவமனையின் எலும்பு மூட்டு ஓபி வாசலிலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "ஜவ்வு தேஞ்சு போச்சு சிஸ்டர், இனிமே நடக்கவே கூடாது." தேய்மானம் என்பது சரி. நடக்கக் கூடாது என்பதுதான் ஆளை முடக்கிவிடுகிறது. வலிக்கு பயந்து உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை இளைத்துப் போகும். தசை தாங்க வேண்டிய பாரமும் மூட்டின் மேல் இறங்கி, வலி இன்னும் கூடும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2019இல் 36 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு முழங்கால் தேய்மானம் இருந்தது. அதனால் "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று மனம் உடைய வேண்டாம்.

எலும்பு மூட்டுப் பிரிவில் பணிபுரியும் செவிலியர் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கூட்டம் நெரியும் ஓபியில் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். "எக்சர்சைஸ் பண்ணுங்கம்மா" என்பதோடு அடுத்த சீட்டு வந்துவிடும். எப்படிப் பண்ணுவது என்று சொல்லித்தருவது எங்கள் வேலை. அதற்கு நோட்டீஸ் கொடுத்தால் மட்டும் போதாது. நோயாளி எங்கள் கண் முன்னால் ஒரு தடவை செய்து காட்ட வேண்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். செய்யச் சொன்னால்தான் எது புரியவில்லை என்பது தெரியும்.

ஒரு எளிய பயிற்சியைப் பாருங்கள். கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள். அந்தத் துண்டை முழங்காலால் கீழே அமுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, விடுங்கள். தொடையின் மேல் கை வைத்துப் பார்த்தால் தசை கல் மாதிரி இறுக வேண்டும். பலர் அமுக்குவதாக நினைத்துக்கொண்டு பாதத்தை மட்டும் ஆட்டுவார்கள், மூச்சையும் பிடித்துக்கொள்வார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால்தான் இதைத் திருத்த முடியும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். செய்யும்போது லேசாக வலித்தால் பயமில்லை. மறுநாளும் வலி கூடுதலாகவே இருந்தால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கைத்தடி விஷயத்திலும் இப்படித்தான். வலது கால் வலித்தால் தடியையும் வலது கையில் பிடிப்பவர்களே அதிகம். இடது கையில் பிடிக்க வேண்டும். லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டில் இருப்பவர்கள், படி ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வையுங்கள்.

எடையைப் பற்றிப் பேசினால் அம்மாக்களுக்கு முகம் வாடிவிடும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய நான்கு கிலோ பாரம் குறைகிறது. மெரினா வரை போக முடியாவிட்டால் தெருவிலேயே நடக்கலாம். தரையில் அருவாமனை போட்டு உட்காராமல், மேடையில் காய் நறுக்குங்கள். தண்ணீர் லாரி வந்தால் குடத்தை வீட்டுப் பிள்ளைகள் தூக்கட்டும். இதையெல்லாம் மருமகளும் மகனும் கேட்டுக்கொள்வது நல்லது. அதனால் ஓபிக்கு வரும்போது ஒருவரைக் கூட்டி வாருங்கள்.

இதை அழுத்திச் சொல்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வலி மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களுக்கு அது சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும், வயிற்றில் புண்ணும் வரலாம். வலிக்குத் தடவும் ஜெல் பலருக்கு நல்ல பலன் தருகிறது. டாக்டரைக் கேட்டுவிட்டு முதலில் அதைப் பயன்படுத்திப் பாருங்கள்.

வீட்டை விட்டு வர முடியாதவர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி எனும் இயன்முறை மருத்துவம் வீட்டுக்கே வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

முழங்கால் திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் வந்தால், அது தேய்மானமாக இல்லாமல் மூட்டில் சீழ் பிடித்ததாகக்கூட இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். காலையில் எழுந்ததும் கை விரல்களும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருந்தாலும் டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். அது வேறு வகை வாதமாக இருக்கலாம், அதற்கு வைத்தியமும் வேறு.

நன்றி, வணக்கம்.