உங்கள் ஓட்டு தோற்றாலும் கணக்கில் ஏறும்: படிவம் 20 என்ன சொல்கிறது?

[திரையில்: 4,52,644 | 4,52,596]

இந்த இரண்டு எண்களையும் கழித்துப் பாருங்கள். 48 வரும். 2024 மக்களவைத் தேர்தலில் மும்பை வடமேற்குத் தொகுதியின் முடிவு இதுதான். ரவீந்திர வாய்க்கர் ஜெயித்தார், அமோல் கீர்த்திகர் தோற்றார், ஒன்பது லட்சத்துக்கும் மேலான ஓட்டு இரண்டு பேருக்கும் பிரிந்த பிறகு நடுவில் நின்றது வெறும் 48. தமிழ்நாட்டில் 2019, 2024 மக்களவைத் தேர்தல்களில் இவ்வளவு நெருக்கம் இல்லை, ஆனாலும் வித்தியாசம் 2019-இல் சிதம்பரத்தில் 3,219, 2024-இல் விருதுநகரில் 4,379.

"சரி, இதெல்லாம் எப்போதாவது நடப்பது. எங்கள் தொகுதியில் லட்சக்கணக்கில் வித்தியாசம். நான் ஒருத்தன் போகாவிட்டால் என்ன ஆகிவிடும்?"

நியாயமான கேள்வி. இந்த வீடியோவே அதற்குத்தான்.

[திரையில்: படிவம் 20, ஒரு பக்கம்]

ஓட்டு எண்ணி முடித்ததும் தேர்தல் அதிகாரி தயாரிக்கிற தாள் இது, பெயர் படிவம் 20. ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒரு வரி. அந்த வரியில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை, நோட்டாவுக்கு எத்தனை, மொத்தம் எத்தனை என்று கட்டம் கட்டமாக இருக்கும். நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் நீங்கள் ஓட்டுப் போடுகிற அந்தப் பள்ளிக்கூடத்து அறையில், நாலைந்து தெருக்காரர்கள் சேர்ந்து எத்தனை ஓட்டு போட்டார்கள், எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பது அப்படியே பதிவாகிவிடும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இதை யார் பார்ப்பார்கள்? கட்சிக்காரர்கள்தான், அதுவும் வரி வரியாக. ஒரு பேச்சுக்கு, ஆயிரம் ஓட்டு உள்ள ஒரு பூத்தில் நானூறு பேர்தான் வந்திருக்கிறார்கள், பக்கத்து பூத்தில் எண்ணூறு பேர் வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தத் தெருவில் அதிக நேரம் நிற்பார், யார் வீட்டுச் சாக்கடைப் பிரச்சினையைக் காது கொடுத்துக் கேட்பார்? 2024-இல் தருமபுரியில் 81 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள், மத்திய சென்னையில் சுமார் 54 சதவீதம். கிட்டத்தட்ட பாதிச் சென்னை வரவில்லை, இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

அப்புறம், தோற்ற கட்சிக்குப் போட்ட ஓட்டும் வீண் இல்லை. ஒரு இடம்கூட ஜெயிக்காவிட்டாலும் மாநிலத்தில் 8 சதவீத ஓட்டு வாங்கினால் மாநிலக் கட்சி அங்கீகாரம் கிடைக்கும். நாம் தமிழர் கட்சி 2024 மக்களவைத் தேர்தலில் விழுந்த ஓட்டை வைத்து அப்படித்தான் வாங்கியது. உங்களுக்கு அந்தக் கட்சியைப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம், அது வேறு. தோற்றவர்களுக்கு விழுந்த ஓட்டுகளைக் கூட்டித்தான் அந்த அங்கீகாரமே வந்தது. டெபாசிட்டும் அப்படித்தான், பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் வேட்பாளர் கட்டிய பணம் திரும்ப வரும்.

[திரையில்: வாக்காளர் பட்டியல்]

இப்போது, நான் கெஞ்சிக் கேட்கிற விஷயம். கையில் வாக்காளர் அட்டை இருந்தால் மட்டும் போதாது, பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். ஒவ்வொரு தேர்தலிலும் அட்டையோடு போய், பெயர் இல்லை என்று திரும்பி வருகிறவர்களைப் பார்க்கிறோம், அதிலும் வீடு மாறியவர்கள்தான் அதிகம் மாட்டுவார்கள் என்று நினைக்கிறேன். அதனால் தேர்தல் தேதி அறிவிக்கும்வரை காத்திருக்காதீர்கள். புதிதாகச் சேர்க்க படிவம் 6, வீடு மாறியிருந்தாலோ பெயரில் பிழை இருந்தாலோ படிவம் 8. ஆன்லைனிலும் கொடுக்கலாம், உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் கொடுக்கலாம். சந்தேகம் இருந்தால் 1950-க்கு போன் போடுங்கள். அட்டை தொலைந்துவிட்டாலும் பரவாயில்லை, பெயர் இருந்தால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இதில் ஏதாவது ஒன்றைக் காட்டலாம்.

போய் நிற்கும்போது, உங்கள் பெயரில் ஏற்கெனவே யாரோ ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்று சொன்னால்? சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். டெண்டர் ஓட்டு வேண்டும் என்று அங்குள்ள தலைமை அலுவலரிடம் கேளுங்கள். நீங்கள்தான் அந்த நபர் என்று அவருக்கு உறுதியானால், உங்களுக்கு ஒரு வாக்குச்சீட்டைத் தர வேண்டும், நீங்கள் முத்திரை குத்திக் கொடுத்ததும் அதைத் தனி உறையில் வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது, ஆனால் வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் அதைக் கேட்டு வாங்கலாம். ஒரு பூத்தில் இப்படி எத்தனை டெண்டர் ஓட்டு விழுந்தது என்பதற்கும் படிவம் 20-இல் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது.