புலனாய்வு வேலைக்குக் கம்பஸில் என்ன படிக்கலாம்?

வணக்கம் மக்களே. திருகோணமலை உட்துறைமுக வீதியில் நிற்கிறேன். காற்று கொஞ்சம் பலம், இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேமராவை அந்தப் பக்கம் திருப்ப மாட்டேன், நேவி முகாம். இன்றைய தலைப்போடு சேர்த்தால் வேறு வம்பே வேண்டாம்.

ஏஎல் முடித்த பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள், புலனாய்வு வேலைக்குப் போக எந்தப் பட்டம் நல்லது என்று. நம் ஊரில் இதைச் சத்தமாகக் கேட்டால் அம்மா முதலில் யன்னலைத்தான் சாத்துவார். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு, நான் சிரித்துத் தள்ளவில்லை. ஆனால் இன்று பேசுவது ஆட்களைப் பின்தொடர்கிற வேலையைப் பற்றி அல்ல. தகவலைச் சேர்த்து, சலித்து, 'இப்படி நடக்கலாம்' என்று எழுதிக் கொடுக்கிற பகுப்பாய்வு வேலை.

இதற்குக் கொம்பியூட்டர் அல்லது சட்டம் படிக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, ஒரு பழைய கதை சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில் அமெரிக்க உளவு அமைப்பான ஓஎஸ்எஸ்ஸுக்குக் கண்டியில் ஒரு நிலையம் இருந்தது. அதன் ஆய்வுப் பிரிவை நடத்திய கோரா டு போய்ஸ் ஒரு மானிடவியலாளர். இரகசியக் கோப்புகளைப் பார்த்துக்கொண்ட ஜூலியா வரலாறு படித்தவர். பிற்காலத்தில் சமையலில் புகழ்பெற்ற ஜூலியா சைல்ட் அவர்தான்! அங்கே இருந்த டில்லன் ரிப்ளி பறவையியலாளர். குருவி பார்க்கிறவருக்கும் வேலை இருந்திருக்கிறது.

சரி, இதைப் பாருங்கள், போனைக் கிட்டப் பிடிக்கிறேன். மரைன் டிராபிக் செயலி. கப்பல்கள் தாங்கள் யார், எங்கே என்று வானொலியில் அறிவிக்கிற ஏஐஎஸ் கருவி அனுப்புகிற விவரம் இதில் வரும், யாரும் பார்க்கலாம். சீனன்குடா பிரீமா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தண்ணீருக்குள் எத்தனை மீட்டர் இறங்கி நிற்கிறது என்று ஒரு எண் இருக்கும். வரும்போது 11, போகும்போது 6 என்றால் சரக்கு இறங்கிவிட்டது என்று சொல்லிவிடுவீர்கள். பொறுங்கள். கப்பல் நிற்கும் இடமும் வேகமும் ஜிபிஎஸ்ஸில் இருந்து தானாக வருபவை. இந்த எண்ணையும் போகிற துறைமுகத்தின் பெயரையும் கப்பலில் ஒருவர் கையால் தட்டுகிறார். மாற்ற மறந்திருக்கலாம், வேண்டுமென்றே பொய்யும் போட்டிருக்கலாம். எதை நம்புவது, எதை வேறு இடத்தில் சரிபார்ப்பது என்று யோசிக்கிறீர்களே, வேலையே அதுதான். இங்கே பிரெட்ரிக் கோட்டை வாசலில் இரட்டை மீன் பொறித்த இணைக்கயல் கல்வெட்டைப் பார்த்து, யார் வெட்டினார், யாருக்காக என்று வரலாறு மாணவர் கேட்பதும் இதே கேள்விதான். அதனால் ஆர்ட்ஸ் பிள்ளைகளே, தாழ்வு மனப்பான்மை வேண்டாம். புவியியல் எடுத்தால் கணினியில் வரைபடத் தகவலை ஆராய்கிற ஜிஐஎஸ்ஸையும் செய்மதிப் படம் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

தகவல் கிடைத்தால் மட்டும் போதாது என்பதற்கு நம் நாடே சாட்சி. 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவில் இருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. 21ஆம் திகதி ஈஸ்டர் ஞாயிறு. நடந்தது தெரியும். அதைத் தடுக்கத் தவறியவர்கள் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

வேலைக்கு வருவோம். அமெரிக்காவின் சிஐஏயும் இந்தியாவின் உள்நாட்டு உளவு அமைப்பான ஐபியும் சொந்த நாட்டுக் குடிமக்களைத்தான் எடுக்கும், அந்தக் கனவை விடுங்கள். இங்கே அரச புலனாய்வுச் சேவை என்றால் பெரும்பாலும் பொலிஸ், முப்படை வழி. யூனிபோர்ம் வேண்டாம் என்றால் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு இருக்கிறது, 2006இல் தொடங்கியது. சந்தேகமான பணப் பரிமாற்றங்களை வங்கிகள் அங்கேதான் அறிவிக்க வேண்டும். ஆகவே வங்கிகளிலும் இதே வேலைக்கு ஆட்கள் தேவை. கணக்கியல், பொருளியல், புள்ளிவிபரவியல் படித்தவர்களுக்கு எனக்குத் தெரிந்து இதுதான் நல்ல வாசல். கணினிக்காரருக்கு இணையப் பாதுகாப்பு, அதைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள்.

எந்தப் பட்டம் எடுத்தாலும் சிங்களம் வேண்டும். சந்தையில் பேசுகிற சிங்களம் போதாது. ஒரு சிங்களப் பத்திரிகைத் தலையங்கத்தை வாசித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஐந்தைந்து வரியில் எழுதிப் பாருங்கள். முதல் பந்தியிலேயே திணறினால், ரிசல்ட் வரும் வரைக்கும் இருக்கிற மாதங்களை அதற்குக் கொடுங்கள். இசட் ஸ்கோர், கையேட்டில் எந்தப் பாடநெறிக்கு என்ன இலக்கம் என்பதெல்லாம் அடுத்த வீடியோவில்.