சிரிப்பொலியைத் தாண்டி வந்த சட்டம்

தாய்மார்களே, தோழர்களே, வணக்கம்.

வால்ட்ராவுட் ஷோப்பே என்ற பெண்மணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வட ஜெர்மனியில், பிரேமன் நகருக்குத் தெற்கே, வயல்கள் சூழ்ந்த பாஸும் என்ற சிற்றூர். அங்கிருந்து வந்தவர். ஆசிரியை. இரண்டு ஆண்பிள்ளைகளின் தாய். 1983 மார்ச் தேர்தலில் பசுமைக் கட்சி முதன்முறையாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தபோது அவரும் நுழைந்தார். அந்த அவையில் பத்து பேருக்கு ஒரு பெண்கூட இல்லை.

மே 5ஆம் நாள், சான்சலர், அதாவது அரசின் தலைவர், ஹெல்முட் கோலின் அரசுக் கொள்கை அறிக்கை மீது விவாதம். ஷோப்பே எழுந்தார். கருக்கலைப்புச் சட்டத்தைப் பற்றியும், கருத்தடையில் ஆணுக்குள்ள பொறுப்பைப் பற்றியும் பேசினார். மனைவியைக் கணவனே வல்லுறவு செய்தாலும் தண்டிக்க வேண்டும் என்றார். அவையில் ஒரே சிரிப்பு, கூச்சல். அவைக்குறிப்பிலேயே அந்தச் சிரிப்பு பதிவாகியிருக்கிறது. அவர் உட்கார்ந்துவிடவில்லை. இந்த மன்றத்துக்குள் தினமும் நடக்கிற பெண் இழிவை நிறுத்துங்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது.

சிரித்தவர்களுக்குச் சட்டமே துணையாக இருந்தது, தோழர்களே! திருமண உறவுக்கு வெளியே நடந்தால்தான் அது வல்லுறவு என்றது ஜெர்மன் குற்றவியல் சட்டம். குடும்பக் கடமைக்கு இடைஞ்சல் இல்லையென்றால்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்ற விதிகூட 1977 வரை அங்கே இருந்தது.

1984இல் கட்சியின் நாடாளுமன்றக் குழுவுக்கு ஆறு பெண்கள் தலைமையேற்றார்கள். ஷோப்பே அவர்களில் ஒருவர். இரண்டாண்டில் இடத்தை அடுத்தவருக்கு விட வேண்டும் என்பது அப்போதைய கட்சி விதி. 1985இல் விலகி, 1987இல் திரும்ப வந்தார். 1990 முதல் 1994 வரை கீழ் சாக்சனி மாநிலத்தில் மகளிர் துறை அமைச்சர். பிறகு மறுபடியும் நாடாளுமன்றம்.

இப்போது 1997க்கு வருகிறேன். திருமணத்துக்குள் வல்லுறவும் குற்றம்தான் என்று ஒப்புக்கொள்ளும் நிலைக்கு ஆளும் தரப்பு வந்துவிட்டது. ஆனால் மனைவி ஆட்சேபித்தால் வழக்கைக் கைவிடலாம் என்று ஒரு பிரிவைச் சேர்க்கப் பார்த்தார்கள். ஒரே வீட்டில் இருக்கிற பெண்ணை மிரட்டி அந்த ஆட்சேபத்தை எழுதி வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? சட்டத்தைக் கையில் கொடுத்துப் பல்லைப் பிடுங்குகிற வேலை அது. கட்சி வேற்றுமையைத் தள்ளிவைத்துப் பெண் உறுப்பினர்கள் ஒன்று சேர்ந்தார்கள். அந்தப் பிரிவே இல்லாத வரைவைக் கொண்டுவந்தார்கள்.

மே 15 அன்று வாக்கெடுப்பு, கொறடா உத்தரவு இல்லாமல். ஆதரவு 471, எதிர்ப்பு 138. எதிர்த்தவர்களில் ஒருவர் ஃபிரீட்ரிக் மெர்ஸ். ஆட்சேபப் பிரிவு இல்லாததால்தான் எதிர்த்தேன் என்று பின்னாளில் விளக்கம் சொன்னார். 2025 மே மாதம் அவர் சான்சலர் ஆனார். சட்டம் 1997 ஜூலையிலேயே நடப்புக்கு வந்துவிட்டது.