ஆதாம் கறுப்பா, வெளுப்பா?

(மார்த்தாண்டம் பக்கம் ஒரு சபையின் வாலிபர் கூட்டத்தில் பேசியது. கேட்டவர்கள் எழுத்தில் வேண்டும் என்றதால் கொஞ்சம் சீர்செய்து எழுதியிருக்கிறேன்.)

போதகர் ஐயாவுக்கும் பெரியவர்களுக்கும் வாலிபப் பிள்ளைகளுக்கும் ஸ்தோத்திரம்.

கேள்விகளைச் சீட்டில் எழுதிப் போடச் சொல்லியிருந்தேன். முக்கால்வாசிச் சீட்டில் ஒரே கேள்விதான், கையெழுத்துதான் வேறு வேறு. எல்லாரும் ஆதாம் ஏவாள் பிள்ளைகள் என்றால் நார்வேக்காரரும் நைஜீரியாக்காரரும் குளச்சல் கடற்கரையில் நிற்கிற நம்ம ஆளும் ஏன் ஒரே மாதிரி இல்லை? ஒரு சீட்டில் சுற்றி வளைக்காமல், ‘ஆதாம் கறுப்பா வெளுப்பா சார்?’ என்றே கேட்டிருக்கிறது.

நிறத்தை முதலில் முடித்துவிடுவோம், அதுதான் சுலபம். தோலுக்கு நிறம் தருவது மெலனின். வெயில் கடுமையான இடத்தில் அது கூடுதலாக இருந்தால் உடம்புக்கு வேண்டிய ஃபோலேட் சத்து வீணாகாது. வெயில் குறைந்த வடக்கே அது குறைவாக இருந்தால்தான் கிடைக்கிற கொஞ்ச வெயிலில் வைட்டமின் டி உண்டாகும். பூமத்திய ரேகைக்கு எட்டே டிகிரி தள்ளி இருக்கிற நாம் கறுத்துப் போனதற்குக் காரணம் இவ்வளவுதான். இந்த நிறத்தைத் தீர்மானிக்கிற மரபணுக்கள் பல. அதில் ஒன்று எஸ்எல்சி24ஏ5, மீன்தொட்டிகளில் வளர்க்கிற சீப்ரா மீனில் வெளுத்த ரகத்தை ஆராயப்போய் 2005-இல் அதன் வேலை தெரிய வந்தது. அந்த மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினால் தோல் வெளுக்கும். மாறிய எழுத்து ஐரோப்பாவில் ஏறக்குறைய எல்லாரிடமும் இருக்கிறது. இந்தியாவிலும் வடக்கே கூடுதலாக, தெற்கே குறைவாகப் பரவிக் கிடக்கிறது. ஒரு வீட்டில் அண்ணன் கறுத்தும் தங்கை வெளுத்தும் பிறக்கிறார்களே, அந்த வித்தியாசத்தில் இதற்கும் பங்கு உண்டு. (தங்கைக்கு வரன் சீக்கிரம் அமைகிறது என்பது மரபணு விஷயம் அல்ல, நம்ம விஷயம்.) தோலைக் கறுக்க வைக்கிற மாற்றங்களும் வெளுக்க வைக்கிற மாற்றங்களும் ஆப்பிரிக்காவுக்குள்ளேயே பழங்காலத்திலிருந்து கலந்து இருந்தன என்று 2017-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆகவே நடுத்தர நிறமுள்ள ஒரு ஜோடியிலிருந்து சில தலைமுறையில் பல நிறம் வரலாம் என்று சில பிரசங்கிமார் சொல்வதில், நிறத்தைப் பொறுத்தவரை, தப்பு இல்லை.

இனம் என்று பார்த்தாலும் அதே கதைதான். எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் மரபணு எழுத்துகளில் சுமார் 99.9 சதவீதம் ஒன்று. மீதியுள்ள வித்தியாசத்திலும் ஏறக்குறைய 85 சதவீதம் ஒரே கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று மரபியல் அறிஞர் லெவண்டின் 1972-இலேயே கணக்குப் போட்டுவிட்டார்.

இதோடு முடித்தால் எல்லாருக்கும் சந்தோஷம்தான், ஆனால் சிக்கல் இனிமேல்தான் தொடங்குகிறது.

‘விஞ்ஞானிகள் ஏவாளைக் கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒன்று சுற்றும். அது 1987-இல் வந்த மைட்டோகாண்ட்ரியா ஆய்வு. மைட்டோகாண்ட்ரியா என்பது நம் செல்லுக்குள் சக்தி உண்டாக்குகிற சின்ன உறுப்பு, அதிலுள்ள மரபணு தாய் வழியாக மட்டும் வரும். நம்ம நாஞ்சில்நாட்டில் முன்பு சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகிற மருமக்கள் வழி இருந்ததே, அந்த மாதிரி. பெண்பிள்ளை இல்லாத வீட்டில் தாய்வழி அறுந்துபோகும், வீட்டில் ஆண்மக்கள் எத்தனை பேர் இருந்தாலும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இப்படி வழிகள் அறுந்து அறுந்து, கடைசியில் ஒரே ஒருத்தியின் வழி மிஞ்சியது. அவள் ஆப்பிரிக்காவில் ஒன்றரை இரண்டு லட்சம் வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்தவள். அவள் காலத்தில் வேறு பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், அவர்களுடைய சந்ததியும் நம்மில் உண்டு, தாய்வழி மட்டும்தான் இல்லை. விஞ்ஞானிகள் அவளுக்கு ஏவாள் என்று பேர் வைத்ததால் அவள் ஆதியாகமத்து ஏவாள் ஆகிவிடமாட்டாள். அந்த ஆய்வை ஆதாரமாகக் காட்டிப் பிரசங்கம் செய்யாதீர்கள், உயிரியல் படித்த ஒரு பிள்ளை எழுந்து கேட்டால் பதில் இருக்காது.

அடுத்தது இன்னும் கஷ்டம். நோயெதிர்ப்புக்கான மரபணுக்களில் ஹெச்எல்ஏ-பி என்று ஒன்று. ஒருவரிடம் அதில் இரண்டு பிரதிதான் இருக்கும், ஆக ஒரு ஜோடியிடம் அதிகபட்சம் நான்கு வகை. இன்றைக்கு உலகத்தில் பதிவாகியிருக்கிறது ஆயிரக்கணக்கான வகை. புது வகைகள் உண்டாகும், சரி, ஆனால் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்ட பழைய வகைகள், ஆதாம் காலம் முதல் என்று பலர் சொல்கிற ஆறாயிரம் வருஷத்தில் உண்டாகாது. மற்ற மரபணுக்களையும் சேர்த்துப் பார்த்தால், கடந்த ஐந்து லட்சம் வருஷத்துக்குள் மனிதகுலம் முழுவதும் இரண்டே பேராகச் சுருங்கியிருந்ததாக நம் மரபணு காட்டவில்லை. இதை மறைத்து உங்களிடம் பேச எனக்கு மனசில்லை.

அப்போ ஆதாம்? ஆறாயிரம் வருஷம் என்ற எண்ணே வேதத்தில் எழுதியிருப்பது அல்ல. வம்ச அட்டவணைகளைக் கூட்டி கிமு 4004 என்று சொன்னவர் அயர்லாந்துப் பேராயர் அஷர், 1650-இல். ஆதியாகமம் 4-ஐ மெதுவாக வாசியுங்கள். காயீன் ‘என்னைக் கண்டுபிடிக்கிறவன் கொன்றுபோடுவானே’ என்று பயப்படுகிறான், யாரை? மனைவியை அறிகிறான், பட்டணம் கட்டுகிறான், யாருக்கு? ஆதாமின் மற்றப் பிள்ளைகள் என்று ஒரு பதில் காலங்காலமாக இருக்கிறது. வேதம் அந்த இடத்தை விளக்காமல் விட்டிருக்கிறது என்பதே எனக்குப் போதும்.

இப்போது ஒரு கணக்கு. உங்களுக்கு அப்பா அம்மா இரண்டு பேர், பாட்டன் பாட்டி நான்கு பேர். இப்படியே 30 தலைமுறை பின்னால் போனால் 107 கோடி இடம் வரும். அந்தக் காலத்தில் உலகத்திலேயே அத்தனை பேர் இல்லை. ஆக ஒரே ஆள் பல இடத்தில் வருகிறார், உங்கள் முன்னோரும் என் முன்னோரும் ஒன்றாகிவிடுகிறார்கள். இதைக் கம்ப்யூட்டரில் போட்டு 2004-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்: இன்று உயிரோடிருக்கிற அத்தனை பேருக்கும் பொதுவான ஒரு முன்னோர் சில ஆயிரம் வருஷத்துக்குள்ளேயே இருந்திருக்கலாம். அவருடைய மரபணு நம்மிடம் துளிகூட இல்லாமலும் இருக்கலாம், ஏனென்றால் ஒவ்வொரு தலைமுறையிலும் பாதிதான் கடக்கும், பழைய முன்னோர் பலர் தடமில்லாமல் போய்விடுவார்கள். ஆகவே சில ஆயிரம் வருஷத்துக்கு முன் வாழ்ந்த ஓர் ஆதாம், தோட்டத்துக்கு வெளியே வேறு மனிதர்கள் இருந்திருந்தாலும்கூட, இன்றைக்கு நம் எல்லாருக்கும் தகப்பனாக இருக்க முடியும். இதனால் ஆதாம் இருந்தார் என்று நிரூபணம் ஆகாது, ஆனால் மரபணு அதைத் தடுக்கவும் இல்லை. நான் இந்தப் பக்கம்தான் சாய்கிறேன். ஐயாமார் சிலருக்கு இது பிடிக்காது, தெரியும்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஆதாமுக்கு முன்னே மனிதர் இருந்தார்கள் என்று 1655-இல் லா பெய்ரேர் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதினார், பிடித்து அடைத்தார்கள், பிறகு வாபஸ் வாங்கிக்கொண்டார். போகட்டும். பின்னால் வந்தவர்கள் அந்த யோசனையை எடுத்து, ‘கறுப்பர் ஆதாமின் பிள்ளைகளே அல்ல’ என்று திருப்பினார்கள். இன்னொரு கூட்டம், கறுப்பர் நோவாவின் மகன் காமின் வம்சம், அவர்கள்மேல் காமின் சாபம் இருக்கிறது என்றது. நோவா சபித்தது காமை அல்ல, காமின் மகன் கானானை, அந்த வசனத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அதைக் காட்டித்தான் அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருந்தார்கள். நான் சொன்ன கணக்கில் இன்று உயிரோடிருக்கிற ஒருவரும் ஆதாமுக்கு வெளியே இல்லை. அந்த ஒரு இடத்தை விட்டால் மற்றதெல்லாம் விஷமாகிவிடும்.

பவுல் ஏதென்ஸ் மேடையில் ‘ஒரே இரத்தத்தினாலே’ என்று சொன்னது யாரிடம் தெரியுமா? நாங்கள் இந்த மண்ணிலேயே முளைத்தவர்கள், மற்றவர்கள் வந்தேறிகள் என்று பெருமையடித்துக்கொண்ட ஊர் அது. நம்ம மாவட்டத்தில் மிஷனரிமார் அதே செய்தியைச் சொன்னபோது சும்மா தலையாட்டவில்லை நம் பாட்டிமார், மேலே தோள்சீலை போடுகிற உரிமைக்காக அடி வாங்கினார்கள், 1859-இல் திருவிதாங்கூர் ராஜா அரசாணை போட வேண்டி வந்தது.

அதே நாம் இன்று மணமகள் தேவை விளம்பரத்தில் ‘சிஎஸ்ஐ’ என்று சபைப் பேரை எழுதி, அடுத்த வார்த்தையாகச் சாதியை எழுதுகிறோம், கூடவே ‘நல்ல நிறம்’. மரபணு என்ன சொல்கிறது? இந்தியாவின் ஏறக்குறைய எல்லாக் கூட்டமும் சுமார் 4,200 முதல் 1,900 வருஷம் வரைக்கும் முந்தைய காலத்தில் ஒன்றோடொன்று கலந்தவை, அதற்கப்புறம்தான் கதவை அடைத்தார்கள் என்று ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் தங்கராஜ், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் ரெய்க் முதலானோரின் 2013 ஆய்வு சொல்கிறது. கதவை அடைத்ததன் பலனும் தெரிகிறது. தெற்காசியாவில் 263 கூட்டங்களை 2017-இல் பார்த்ததில், 81 கூட்டம் மிகச் சிறிய ஒரு முன்னோர்க் குழுவிலிருந்து பெருகி உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்டவை. அப்படிப்பட்ட கூட்டத்தில் அரிதான பரம்பரை நோய்கள் கூடும், ஒரே பழுது அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் பிள்ளைக்கு வந்து சேர்வதால்.

கடைசிச் சீட்டு, பேர் எழுதாத சீட்டு: ‘வேறு ஆளுகளில் கல்யாணம் செய்தால் பாவமா?’ எண்ணாகமம் 12-ஐ வாசி மக்களே. மோசே கட்டினது எத்தியோப்பியப் பெண்ணை. மிரியாமும் ஆரோனும் அதைக் குறை சொன்னார்கள், நிறத்துக்காகவா வேறு ஜனம் என்பதற்காகவா, எழுதியில்லை. கர்த்தர் அந்தக் கல்யாணத்தைக் குறித்து ஒரு வார்த்தை பேசவில்லை. மிரியாமின் தோல்தான் வெண்மையான குஷ்டமாயிற்று, ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே இருந்தாள், அவள் வரும்வரைக்கும் ஜனங்கள் பயணப்படவில்லை.