கோப்பெனிக்கின் படிக்கட்டுகள்: யூனியன் பெர்லினின் 2008-09 பருவம்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

ஜெர்மானியக் கால்பந்து என்றதும் நம் நினைவில் எழுவது பயர்ன் மூனிக்கும் டோர்ட்முண்டும்தான். நான் இன்று பேச வந்திருப்பது அவற்றுக்கு இரண்டு அடுக்கு கீழே, மூன்றாம் லீகாவில் நடந்த ஒரு பருவத்தைப் பற்றி. 2008 ஜூலை முதல் 2009 மே வரை நீண்ட அந்தப் பருவத்தில், பெர்லினின் தென்கிழக்கு ஓரத்திலுள்ள கோப்பெனிக் பகுதியின் யூனியன் கழகம் சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அணி வேறிடத்தில் ஆடிக்கொண்டிருக்க, ரசிகர்கள் மைதானத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் லீகா அப்போதுதான் பிறந்திருந்தது. அதுவரை வடக்கு, தெற்கு என இரு பிரிவுகளாக இருந்த ரெகியோனல்லிகாவே மூன்றாம் அடுக்காக விளங்கியது. 2008-இல் ஜெர்மன் கால்பந்துச் சங்கம் நாடு முழுவதற்கும் 20 அணிகள் கொண்ட ஒரே லீக்கை அமைத்தது. ஒவ்வோர் அணிக்கும் 38 ஆட்டங்கள். முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவை நேராக மேலே செல்லும். மூன்றாவது அணி, அடுத்த மேல் அடுக்கான இரண்டாம் புண்டஸ்லிகாவின் கடைசியிலிருந்து மூன்றாவது அணியுடன் இரு ஆட்டங்கள் மோதித் தன் விதியைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஜூலை 25 அன்று எர்ஃபுர்ட்டில் நடந்த முதல் ஆட்டத்தில் டிரெஸ்டன் 1-0 என வென்றது. அந்த லீக்கின் முதல் கோலை அடித்தவர் ஹலில் சவ்ரான்.

இந்த லீக்கில் ஆடுவதற்குக் கால் பலம் மட்டும் போதாது, உரிமமும் வேண்டும். வரவு செலவு சரியாக இருக்கிறதா, மைதானம் தகுதியானதா என்று சங்கம் ஆண்டுதோறும் ஆராயும். யூனியனுக்கு இரண்டிலும் பழைய காயங்கள் உண்டு. 2004-இல், இரண்டாம் புண்டஸ்லிகாவிலிருந்து இறங்கிய கையோடு, உரிமம் பெறுவதற்கு ஏறக்குறைய 14.6 லட்சம் யூரோ காட்ட வேண்டிய நிலை வந்தது. அப்போது ரசிகர்கள் 'யூனியனுக்காகக் குருதி சிந்துவோம்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். இது வெறும் முழக்கமாக நின்றுவிடவில்லை. ரத்த தானம் செய்வோருக்குக் கிடைக்கும் சிறு தொகையைக் கழகத்துக்குக் கொடுத்தார்கள். உரிமம் கிடைத்தது. ஆனாலும் அடுத்த ஆண்டே அணி இன்னோர் அடுக்கு சரிந்து நான்காம் அடுக்கில் விழுந்தது. அங்கிருந்து மீண்டு, 2008-இல் புதிய லீக்கில் இடம்பிடிக்கும் அளவுக்கு எழுந்து வந்திருந்தது.

இப்போது மைதானத்துக்கு வருகிறேன். 'பழைய வனக்காவலர் இல்லத்தருகே' என்பதே அதன் பெயரின் பொருள். பெயருக்கேற்ப மரங்கள் சூழ்ந்த இடம். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் மண்மேடுகளின்மேல் போட்ட கான்கிரீட் படிகளில்தான் மக்கள் நின்று ஆட்டம் பார்த்தார்கள். அந்தப் படிகள் பிளந்து, இடுக்குகளில் புல் முளைத்திருந்தன. பழுதுபார்க்காமல் இனி அங்கே ஆட முடியாது என்ற நிலையில், 2008 கோடையில் கழகம் வேலையைத் தொடங்கியது. பணம் போதவில்லை. ஆட்கள் இருந்தார்கள்.

இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள், கூலி எதுவும் பெறாமல், ஏறத்தாழ 1,40,000 மணி நேரம் உழைத்தார்கள் என்பது கழகத்தின் கணக்கு. இதைச் சிரமதானம் என்ற நம் சொல்லால் குறிப்பதே பொருத்தம். கட்டட வேலை தெரிந்தவர் கான்கிரீட் போட்டார். தெரியாதவர் இடிபாட்டை அள்ளினார். வேலைக்குப் போகிறவர்கள் ஆண்டு விடுப்பைச் செலவழித்து வந்தார்கள். எண்ணிப் பாருங்கள்: ஒரு மனிதர் தான் வழக்கமாக நிற்கும் படியைத் தானே உடைத்து, அதே இடத்தில் புதிய படியைத் தானே வார்க்கிறார். அடுத்த ஆண்டு அவர் நிற்கப்போவதும் அங்கேதான். அந்தப் படிக்கும் அவருக்கும் உள்ள உறவை எந்த நுழைவுச் சீட்டும் தந்துவிட முடியாது என்றே நான் கருதுகிறேன்.

அணி அந்த ஆண்டு தன் 'உள்ளூர்' ஆட்டங்களை நகரின் வடபகுதியில், பிரென்ஸ்லவர் பெர்க்கிலுள்ள யான் விளையாட்டரங்கில் ஆடியது. அந்த இடம் யூனியன் ரசிகருக்கு இனிய இடமன்று. 1979 முதல் 1988 வரை தொடர்ந்து பத்து முறை கிழக்கு ஜெர்மனியின் பட்டத்தை வென்ற பெர்லினர் டைனமோ ஆடிய அரங்கு அது. ரகசியக் காவல்துறையின் தலைவர் எரிக் மீல்கேயே அந்தக் கழகத்தின் புரவலர். அதற்கு எதிர்நிலையில் நின்ற உழைப்பாளர் கழகமாகத் தன்னைக் கண்டது யூனியன். ஃப்ரீ கிக்கைத் தடுக்க எதிரணியினர் வரிசையாக நிற்கும்போது 'சுவர் விலக வேண்டும்!' என்று யூனியன் ரசிகர்கள் கூவுவார்கள் என்றும், அதன் இரட்டைப் பொருள் பெர்லினில் எல்லோருக்கும் விளங்கும் என்றும் சொல்வதுண்டு. அப்படிப்பட்டவர்கள் ஒரு பருவம் முழுவதும் அந்த அரங்கின் வாசல் வழியே நுழைந்து தங்கள் அணியை ஆதரித்தார்கள். கட்டுமானத்தில் கையைக் காயப்படுத்திக்கொண்டதற்குச் சற்றும் குறையாத பொறுமை இது.

களத்தில் ஊவே நொய்ஹவுஸ் பயிற்சியாளர். நடுக்களத்தில் டோர்ஸ்டன் மத்துஷ்கா, முன்களத்தில் கரீம் பென்யாமினா. எளிதில் கோல் விட்டுக்கொடுக்காத அணி அது. மே மாதம் பருவம் முடிந்தபோது யூனியன் 78 புள்ளிகளுடன் மூன்றாம் லீகாவின் முதல் சாம்பியன் ஆயிற்று. அடுத்து வந்த ஃபோர்ட்டூனா டியுஸல்டோர்ஃபுக்கு 69, பாடர்போர்னுக்கு 68. பாடர்போர்னும் இரண்டாம் புண்டஸ்லிகாவின் ஓஸ்னாப்ரூக்கை வென்று மேலேறிவிட்டது.

அதே பட்டியலில் ஆறாவது இடத்தையும் பார்க்க வேண்டுகிறேன். வடகடல் ஓரத்துச் சிறு துறைமுக நகரான எம்டனின் கிக்கர்ஸ் அணி அங்கே நிற்கிறது. 20 அணிகளில் ஆறாவது! ஆனால் அடுத்த பருவத்தின் செலவைத் தாங்க முடியாமல் அந்தக் கழகம் லீக்கிலிருந்தே விலகிக்கொண்டது. தரமிறங்கியிருக்க வேண்டிய புர்க்ஹவுஸன் அந்த இடத்தில் தப்பிப் பிழைத்தது. களத்தில் வென்றதைக் கணக்கேட்டில் இழந்த எம்டனைப் பற்றி யாரும் விழா எடுப்பதில்லை. எனக்கு அது இன்றும் வருத்தம் தருகிறது. கோப்பெனிக்கில் ரசிகர்கள் மண் அள்ளாமல் இருந்திருந்தால் யூனியனின் கதையும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்பதை எம்டனை வைத்துத்தான் அளக்க முடிகிறது.

2009 ஜூலை 8 அன்று புதிய மைதானம் திறக்கப்பட்டது. விருந்தாளி, நகரின் மேற்குப் பகுதியிலிருந்து வந்த ஹெர்த்தா. படிகளுக்கு மேலே இப்போது கூரை இருந்தது. கோல் விழுந்தால் ஓர் ஆள் எண் பலகையைக் கையால் மாற்றும் பழைய மதிப்பெண் மாடத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒவ்வோர் ஆட்டக்காரரின் பெயரும் ஒலிக்கும்போது 'கால்பந்துக் கடவுள்!' என்று கூட்டம் பதில் முழங்கும் வழக்கம் கோப்பெனிக்குக்குத் திரும்பியது. ஹெர்த்தா 5-3 என வென்றது. மைதானத்துக்கு வெளியே இன்று ஒரு பெரிய சிவப்புத் தலைக்கவசம் நினைவுச்சின்னமாக நிற்கிறது. அது கோல்காவலருடைய தலைக்கவசமன்று, கட்டடத் தொழிலாளியுடையது.