வேளாங்கண்ணி சாலையில் நான்கு பானை நீர்மோர்

வணக்கம் மக்களே. இன்று ஆகஸ்ட் 29. வேளாங்கண்ணியில் சாயங்காலம் கொடியேற்றம். நான் நிற்பது திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகிற சாலையில், கீழ்வேளூருக்குக் கொஞ்சம் முன்னால். எனக்குப் பின்னால் காவி உடுத்திக்கொண்டு போகிறார்களே, எல்லாரும் நடைபயணம். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் இருந்து சின்னச் சப்பரத்தை இழுத்துக்கொண்டு நாள் கணக்கில் நடந்து வருகிறவர்கள். இன்னும் இருபது கிலோமீட்டர் சொச்சம் பாக்கி. கொடி ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று காலையிலேயே வேகம் பிடித்துவிட்டார்கள்.

ஆனால் நான் வேளாங்கண்ணியைக் காட்ட வரவில்லை. சாலையோரம் பந்தல் தெரிகிறதா? அதற்குப் பின்னால் இருக்கிற ஓட்டு வீடு கன்னியர் மடம். மடத்தோடு சேர்ந்தது முதியோர் இல்லம். என் அப்பாயியின் தங்கை இரண்டு வருஷமாக இங்கேதான் இருக்கிறார். நான் சின்ன அப்பாயி என்று கூப்பிடுவேன். பிள்ளை கிடையாது. நாங்கள் யாரும் கூட வைத்துப் பார்த்துக்கொள்ளவில்லை. அதைச் சொல்லாமல் இந்த வீடியோவை ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை.

மடத்தின் தலைவி, மதர், ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். பெரியவர்கள் முகத்தை எடுக்கக் கூடாது. இல்லத்தின் பெயரும் வேண்டாம். இங்கே இருப்பது சிலருடைய பிள்ளைகளுக்கே சங்கடம், எதற்கு ஊர் முழுக்கக் காட்ட வேண்டும் என்றார். நியாயம்தான். அதனால் நீங்கள் இன்று கைகளைத்தான் பார்ப்பீர்கள்.

உள்ளே வாருங்கள். நான்கு பெரிய மண்பானை. நான்கிலும் நீர்மோர். நடந்து போகிறவர்களுக்கு இந்த மடத்தில் வருஷா வருஷம் கொடுப்பது. இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சிஸ்டர்கள் மோர் கொடுத்துக்கொண்டு, தாத்தா பாட்டிகள் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவில்லை. மோர் அவர்களுடையது. தயிர் கடைவது ஒருவர். இஞ்சியும் பச்சை மிளகாயும் நசுக்குவது இன்னொருவர். உப்புப் பார்ப்பதற்கு ஒரு தாத்தா. அவர் சரி என்று தலையாட்டாமல் ஒரு டம்ளர் வெளியே போகாது. முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ஒருவர் வாசலில் நிற்கிறார், விசில் கேட்கிறதா? “உள்ள வாங்க, உள்ள வாங்க, நடுவுல நிக்காதீங்க” என்று கூட்டத்தை ஒழுங்கு பண்ணுகிறார். அவரால் சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம்தான் நிற்க முடியும். பின்னால் நாற்காலி போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, விசிலை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை.

இந்தக் கைகளைப் பாருங்கள். கிட்டே வருகிறேன். இந்தப் பாட்டிக்கு இரண்டு கண்ணும் தெரியாது. கறிவேப்பிலை ஆய்கிறார். கொத்தின் நுனியை இடது கையில் பிடித்துக்கொள்கிறார். வலது கையில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பில் வைத்து ஒரே இழுப்பு. இலை முழுக்க முறத்தில், காம்பு மட்டும் கையில். பூச்சி அரித்த இலை விரலில் பட்டால் தெரிந்துவிடுகிறது, அதை எடுத்து மடியில் போட்டுக்கொள்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆய்ந்து பார்த்தேன். அவர் மூன்று கொத்து முடிப்பதற்குள் நான் ஒன்றுதான் முடித்தேன்.

இவரைப் பார்த்துக்கொண்டே மதர் ஒரு கதை சொன்னார். பிரான்சில், பிரிட்டனி கடற்கரையில் கன்கால் என்று ஒரு மீனவ ஊர். அங்கே 1792-ல் பிறந்தவர் ஜீன் ஜுகான். அப்பா மீன்பிடிக்கிறவர். ஜீன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. பெண் வளர்ந்து வீட்டு வேலை செய்து பிழைத்தார். 1839-ல், குளிர்காலத்தில், கண் தெரியாத, பாதி உடம்பு செயலிழந்த ஆன் ஷோவான் என்ற கிழவியைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டில் இருந்த தன் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டு, தான் பரண் மாதிரி இருந்த மாடத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். அப்போது ஜீனுக்கு 47 வயது. அதுதான் ஆரம்பம். அப்புறம் இன்னொரு கிழவி, இன்னொருவர் என்று வீடு நிறைந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிச்சை கேட்டார். முதியவர்கள் தாங்களே தெருவில் பிச்சை எடுக்காமல் இருக்க, அவர்களுக்குப் பதிலாக இவர் போனார். ஒருமுறை ஒருவர் கன்னத்தில் அறைந்துவிட்டாராம். “இது எனக்கு, சரி. என் ஏழைகளுக்கு ஏதாவது கொடுங்கள்” என்று கையை நீட்டினாராம். மதர் இதைச் சொல்லும்போது கையை நீட்டியே காட்டினார்.

அப்படிப் பிறந்த சபைதான் ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’. துறவிகள் கடவுளுக்குக் கொடுக்கிற வாக்குறுதியை வார்த்தைப்பாடு என்பார்கள். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாட்டோடு அவர்கள் நான்காவதாக ஒன்று எடுக்கிறார்கள். விருந்தோம்பல். எனக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்த்துவிட்டது. பராமரிப்பு என்று சொல்லவில்லை பாருங்கள். விருந்தோம்பல் என்றால் வந்தவர் விருந்தாளி, வீடு அவருக்கானது.

அதற்குப் பின்னால் நடந்தது இன்னும் மனசைப் பிசைகிறது. 1843-ல் சபைக்கு வழிகாட்டியாக இருந்த குருவானவர் ஜீனைத் தலைமையிலிருந்து இறக்கிவிட்டார். கடைசி 27 வருஷம் சபையின் வீடுகளிலேயே ஒரு மூலையில் வாழ்ந்தார். கூட இருந்த இளம் சகோதரிகளுக்கு, சபையை ஆரம்பித்ததே இவர்தான் என்று தெரியாது. 86 வயதில் இறந்தார், 1879-ல். எந்தத் தேதி தெரியுமா? ஆகஸ்ட் 29. இதே தேதி, வேளாங்கண்ணிக் கொடியேற்ற நாள். அவருடைய விழா நாளை, 30-ஆம் தேதி. 2009-ல் போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்ட் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். அவர் இறந்து மூன்றே வருஷத்தில், 1882-ல், அந்தச் சகோதரிகள் கல்கத்தாவுக்கு வந்துவிட்டார்கள்.

இந்த மடத்துச் சிஸ்டர்கள் அந்தச் சபை இல்லை, வேறு சபை. ஆனாலும் நாளைக்குக் காலைத் திருப்பலியில் அவரை நினைக்கிறார்கள். கண் தெரியாத இந்தப் பாட்டிதான் மெழுகுவர்த்தி ஏந்திப் பீடத்துக்கு முன்னால் போகப் போகிறார்.

விழா என்றால் இங்கே இப்படித்தான், யாருக்கு என்ன வேலை என்பதில்தான் ஆரம்பிக்கிறது. பிப்ரவரி 2, இயேசுவைக் கோவிலில் காணிக்கையாகக் கொடுத்த விழா. துறவிகளுக்கான நாளும் அதுவே. அந்த நற்செய்தியில் குழந்தையை அடையாளம் கண்டுகொள்வது யார்? வயதான சிமியோனும், 84 வயது விதவை அன்னாவும். அன்று இங்கே சிஸ்டர்கள் தங்கள் மெழுகுவர்த்தியைத் தாங்களே ஏற்றிக்கொள்வதில்லை. இல்லத்தில் மூத்தவர் ஏற்றிக் கொடுக்கிறார். கை நடுங்கினால் இன்னொருவர் பிடித்துக்கொள்கிறார்.

இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் இருக்கிறார்கள். ஆடிப்பெருக்குக்குச் சின்ன அப்பாயிதான் காப்பரிசி கலந்தார். ஊறவைத்த அரிசி, வெல்லம், எள்ளு, தேங்காய்க் கீற்று. தண்ணீர் வந்த வாய்க்கால் படித்துறையில் மஞ்சள் கயிறு வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்களாம், கூடவே இரண்டு சிஸ்டர்கள் கையைப் பிடித்துக்கொண்டு. வெள்ளை அங்கியில் சேறு ஆகிவிட்டது என்று சின்ன அப்பாயி இன்னும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறார்.

பிறந்தநாள் விஷயம் கேளுங்கள், எனக்கு இது ரொம்பப் பிடித்தது. நம் பக்கத்துப் பெரியவர்கள் நிறைய பேருக்கு ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்றுதான் இருக்கும். உண்மைத் தேதி யாருக்கும் தெரியாது. சிஸ்டர் ஒருவர் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்கிறார். “பெரும்புயல் அடிச்சப்ப நான் கைக்குழந்தையாம், அம்மா என்னைக் குதிருக்குள்ள வச்சாங்களாம்” என்றார் ஒரு பாட்டி. 1952 நவம்பர் 30, நாகப்பட்டினத்தில் கரை கடந்த புயல். அப்படியானால் அதற்குச் சில மாதம் முன்னால் பிறந்திருக்க வேண்டும். “எந்த மாசம் வேணும் பாட்டி?” என்று கேட்டு, அவர் ஆவணி என்று சொல்லி, இப்போது ஆவணியில் ஒரு நாள் அவருக்குக் கேசரி. எழுபது வயதுக்கு மேல் முதல் பிறந்தநாள்.

சிஸ்டர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காலை நாலரைக்கு மணி. தனிச் செபம், பொதுச் செபம், திருப்பலி. அப்புறம் குளிப்பாட்டுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, கஞ்சி, மாத்திரை. படுக்கையிலேயே இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும். ராத்திரியும் அப்படித்தான். முறை வைத்துக்கொண்டு விழிக்கிறார்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் அவர்களுக்கான பொழுது. கேரம் விளையாடுவார்கள், பாட்டிகளோடு பல்லாங்குழி. அந்த நேரத்தில் சிரிப்புச் சத்தம் சாலை வரைக்கும் கேட்கிறது. அவர்களிலேயே ஒரு பெரிய சிஸ்டர், எண்பதைத் தாண்டியவர். தனக்கும் மாத்திரை கொடுக்க ஆள் வேண்டியவர். ஆனால் செபமாலைக்கு மணி அடிப்பது இன்றைக்கும் அவர்தான்.

போன மே மாதம் ஒரு சிஸ்டருக்கு வெள்ளிவிழா, வார்த்தைப்பாடு கொடுத்து 25 வருஷம். மாலை வாங்க வேண்டாம் என்று தாத்தா பாட்டிகள் சொல்லிவிட்டார்களாம். இல்லத்துத் தோட்டத்து நந்தியாவட்டை, அரளி, மரிக்கொழுந்து எல்லாம் பறித்து வாழைநாரில் அவர்களே கட்டினார்கள். கோணலும் மாணலுமாக, ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து இருக்கும் அந்த மாலையோடுதான் சிஸ்டர் வார்த்தைப்பாட்டைப் புதுப்பித்தார். இதோ, காய்ந்த மாலை இன்னும் சாப்பாட்டு அறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. தொட்டால் உதிர்ந்துவிடும், நான் தொடவில்லை.

எல்லா விழாவும் ஒரே மாதிரி இல்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இங்கே பாட்டுக் கிடையாது. டிசம்பர் 26. 2004-ல் நாகப்பட்டினக் கரையில் என்ன நடந்தது என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். மகனையும் மருமகளையும் அன்றைக்குக் கடலுக்குப் பறிகொடுத்த ஒரு பாட்டி இங்கே இருக்கிறார். அன்று காலை ஒரு சிஸ்டர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். வேறு ஒன்றும் செய்வதில்லை. ஜீன் ஜுகானின் அப்பா கடலில் போன கதையை இந்தப் பாட்டிக்குச் சொல்லியிருக்கிறார்கள். “அந்தப் பொண்ணோட அம்மா என்ன பண்ணுச்சு?” என்று கேட்டாராம்.

உதவி செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தயவுசெய்து போன் செய்துவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று வீட்டுப் பிறந்தநாள் பிரியாணி ஒரே வேளையில் வந்து சேர்கிறது, செவ்வாய்க்கிழமை யாரும் வருவதில்லை. பாதிப் பேருக்குச் சர்க்கரை, நீங்கள் இனிப்புப் பெட்டியோடு வந்தால் அவர்கள் கையில் வாங்கி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பழைய பருத்தி வேட்டி, புடவை இருந்தால் துவைத்துக் கொடுங்கள், புண் துடைக்க அதைப் போல மிருதுவான துணி கிடையாது. பெரியவர்களுக்கான டயப்பர் எப்போதும் பற்றாக்குறை. சோறு ஊட்டும்போது போட்டோ எடுக்காதீர்கள். இதை நான் கோபமாகவே சொல்கிறேன்.

சரி, மணி பதினொன்று. நான்காவது பானையும் அடி தெரிகிறது. கடைசியாக வந்த கூட்டத்தில் ஒரு அம்மாவுக்குக் குதிகால் முழுக்கக் கொப்புளம். ஒரு சிஸ்டர் வெந்நீரும் உப்பும் கொண்டுவந்து காலைக் கழுவினார். பேசினைப் பிடித்துக்கொண்டிருந்தது சின்ன அப்பாயி. ஐம்பது வருஷம் நாற்று நட்ட கை. விரலில் ரேகையே தேய்ந்து போனதால் ரேஷன் கடை மெஷினில் பதியாது என்று அலைக்கழிந்த கை. பேசின் ஆடாமல் இருந்தது.

கண்டக்டர் தாத்தா இரண்டு விசில் கொடுத்து அந்தக் கூட்டத்தை அனுப்பிவிட்டார். “ரைட், போகலாம்.”

சின்ன அப்பாயி என்னைக் கூப்பிடுகிறார், இருங்கள். ... நாளைக்கு மோர் இல்லையாம், எலுமிச்சம்பழ ஜூஸாம். “ஐம்பது பழம் பத்தாது பாப்பா, நூறு வாங்கிட்டு வா. தோல் மெல்லிசா இருக்கணும், அழுத்திப் பாத்து வாங்கு” என்கிறார். நான் கீழ்வேளூர்க் கடைத்தெருவுக்குக் கிளம்புகிறேன். வருகிறேன் மக்களே.